முல்லைக்கரைப்பட்டி ஊர்க்கூட்டம் புளூட்டோவைத் தள்ளிவைத்த விவரம்

முல்லைக்கரைப்பட்டி,
சின்னமனூர் வழி.
1980 பங்குனி 4, திங்கள்.

அன்பு மாப்பிள்ளை பொன்னுராஜ் அவர்களுக்கு,

மாமனார் மொக்கைச்சாமி மனசார வாழ்த்தி எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை அய்யம்மாள், என் தங்கச்சி மாயக்காள், இரண்டு மாடு, ஏழு ஆடு எல்லோரும் சுகம். கறுத்த பசுவுக்கு மட்டும் ஒரு வாரமாக வயிறு சரியில்லாமல் இருந்தது. நேற்று ஊர்க்கூட்டம் முடிகிற நேரத்துக்கு அதுவும் எழுந்து தீவனம் தின்றுவிட்டது. கூட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நல்ல சேதி என்பதால் எழுதுகிறேன். அங்கே நீங்களும் என் மகள் சந்தனமும் எப்படி இருக்கிறீர்கள்? மலைக் குளிருக்கு அவளுக்கு மூக்கடைக்கும், சுக்கைத் தட்டிப் போட்டுக் காப்பி கொடுக்கவும். நீங்கள் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்ளும் பெரிய தொலைநோக்கியும், அதன் தலைக்குமேல் சுற்றுகிற கூரையும், கூரையைச் சுற்றிவிடுகிற மோட்டாரும் நலமாக இருக்கட்டும். இது முதியோர் பள்ளியில் ஐம்பத்தெட்டு வயதில் படித்த எழுத்து. கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தால் நீங்களே எடுத்துச் சரியான இடத்தில் வைத்து வாசித்துக்கொள்ளவும்.

மாப்பிள்ளை, முதலில் மன்னிப்பைக் கேட்டுவிடுகிறேன், பிறகு சங்கதியைச் சொல்கிறேன். சூரியனை விட்டுக் கடைசியாக, அம்புட்டுத் தொலைவில் தனியாகச் சுற்றுகிறதே, ஒன்பதாவது கிரகம் புளூட்டோ, அதை நேற்று எங்கள் ஊர்க்கூட்டத்தில் கிரக வரிசையை விட்டுத் தள்ளிவைத்துவிட்டார்கள். இருபத்தாறு பேர் இருந்தோம். எதிர்த்து ஒரு ஆள் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசாமல் இருந்ததற்குக் காரணம் என் தங்கச்சி மாயக்காள். அதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் தணியும், தணியாவிட்டாலும் இரண்டாவது தடவை வாசித்துப் பாருங்கள்.

நீங்கள் அல்லிநகரத்தில் பஸ்சும் கடையுமாக வளர்ந்தவர். எங்கள் பட்டி வழக்கம் உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. பங்குனிப் பொங்கலுக்கு இங்கே தலைக்கட்டுக்கு ஒரு படி அரிசி போடவேண்டும். தலைக்கட்டு என்றால் கல்யாணம் முடித்துத் தனியாக உலை வைத்த ஆம்பளை ஒருவர். அரிசியைப் போட்டால் கோயில் நோட்டில் பெயர் ஏறும். நோட்டில் ஏறிய பெயரைப் பொங்கலன்று கோயில் முன்னால் நின்று நாட்டாமை வாசிப்பார். பெயர் வாசித்த வீட்டுப் பானைதான் வரிசையில் உட்காரும். மொத்தம் ஐம்பத்து மூன்று தலைக்கட்டு.

மாயக்காள் இந்தக் கணக்கில் எதிலும் இல்லை. கல்யாணமாகி ஒன்றரை வருசத்தில் அவள் புருசன் குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் கங்காணி வேலை என்று போனார். திரும்பி வரவில்லை. செத்தும் போகவில்லை. ஏலக்காய் மூட்டை ஏற்றி வருகிற ஜீப்புக்காரர்கள் வருசத்துக்கு ஒருமுறை, "ஆளு நல்லா இருக்காரு, மலையாளம் பேசுறாரு" என்று நமக்குச் சந்தோசமான தகவல் மாதிரிச் சொல்லிவிட்டுப் போவார்கள். செத்திருந்தாலாவது ஊர் வழக்கப்படி இவள் அரைத் தலைக்கட்டு ஆகியிருப்பாள். அதற்கும் வழியில்லை. ஆகவே இருபத்திரண்டு வருசமாக அவளை நோட்டில் 'மொக்கைச்சாமி, சேர்த்தி' என்று என்னோடு ஒட்டி வைத்திருக்கிறார்கள். தனி வீடு, தனி அடுப்பு, குத்தகைக்கு நெல், நாலு ஆடு, எல்லாம் அவள் பாடு. பொங்கலன்று மட்டும் அவள் அரிசி என் பானையில் வெந்து என் பேரில் பொங்கும்.

போன வாரம் சின்னமனூர்ச் சந்தையில் ஒரு புதுப் பானை வாங்கிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, இந்த வருசம் என் பேர வாசிக்கச் சொல்லு."

"என்ன ஆத்தா, திடீர்னு?"

"திடீர்னு என்னா திடீர்னு? இருவத்திரெண்டு வருசமா நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நீயாக் கேப்பேன்னு இருந்தேன். நீ கேக்கல."

நான் பசுவைப் பார்த்தேன். அதுவும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"நாளைக்கு நான் செத்தா ஊர்ல என்னன்னு சேதி சொல்லிவிடுவாக? மொக்கைச்சாமி தங்கச்சி செத்துப்போச்சுன்னு தான? எனக்கு ஆத்தாளும் அப்பனும் வச்ச பேரு ஒண்ணு இருக்குல்ல. ஒரு தடவ, ஒரே தடவ, கோயில் முன்னாடி அத உரக்கக் கேட்டுட்டாப் போதும் எனக்கு."

நாட்டாமை அழகுமலையிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை மாப்பிள்ளை. புதிதாக எது செய்தாலும் பின்னால் யாராவது கேள்வி கேட்பார்களோ என்று பயந்தவர், அவ்வளவுதான். போன வருசம் கோயிலுக்குக் குழல் விளக்கு போடச் சொன்னபோது, "சாமிக்குக் கண்ணு கூசுனா யாரு பதில் சொல்றது?" என்று எட்டு மாதம் யோசித்தார். அவர், "கூட்டத்துல வச்சுப் பேசுவோம்" என்றார். கூட்டத்தில் பேச எனக்கு ஒரு நியாயம் வேண்டும். இரண்டு நாள் யோசித்தேன். அப்போதுதான் நீங்கள் ஞாபகத்துக்கு வந்தீர்கள்.

தைப்பொங்கலுக்கு வந்திருந்தபோது நம் திராட்சைப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து ஒரு மத்தியானம் பூராவும் வானத்தைப் பற்றிச் சொன்னீர்கள். மற்ற விண்மீன்களெல்லாம் நட்ட நாற்று மாதிரி நின்ற இடத்தில் நிற்கும், கிரகம் மட்டும் நேற்று அங்கன, இன்று இங்கன என்று இடம் மாறும், அதை வைத்துத்தான் அந்தக் காலத்தில் கண்டுபிடித்தார்கள் என்றீர்கள். புளூட்டோவைக்கூட இரண்டு படம் எடுத்து, மாற்றி மாற்றிப் பார்த்து, எந்தப் புள்ளி நகர்ந்திருக்கிறது என்று தேடித்தான் பிடித்தார்களாம். இது எனக்கு நன்றாகப் புரிந்தது. பட்டியில் என் ஆடுகளோடு அடுத்தவன் ஆடு கலந்துவிட்டால் நானும் அப்படித்தான் பிடிப்பேன், நேற்றுப் பார்த்ததையும் இன்று பார்ப்பதையும் மனசில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து. ஆட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கடிதம் தாங்காது, விட்டுவிடுகிறேன். அன்றைக்கு நான் உங்களைக் கேட்டேன், "எது கிரகம், எது கிரகம் இல்லன்னு யாரு மாப்பிள்ளை முடிவு பண்றது?" நீங்கள் சொன்னீர்கள், "அப்படி ஒரு ஆளே இல்ல மாமா. எழுதி வச்ச சட்டமும் கெடையாது. பாத்துச் சேத்தாக, தப்புன்னு தெரிஞ்சா நீக்குனாக. எல்லாம் வழக்கந்தான்." வானத்திலேயே எழுதிவைத்த சட்டம் இல்லை, வழக்கத்தை அப்பப்போ மாற்றிக்கொள்கிறார்கள் என்றால், முல்லைக்கரைப்பட்டியில் ஏன் மாற்றக் கூடாது? இதுதான் நான் கண்டுபிடித்த நியாயம். அதை மடியில் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

கூட்டம் கோயில் முன்னால் நடந்தது. பெண்கள் கூட்டத்தில் உட்காருவதில்லை. ஆனால் கோயில் சுவருக்கு அந்தப் பக்கம் நேற்றைக்கென்று பார்த்து ஊரில் உள்ள அத்தனை பெண்களுக்கும் மிளகாய் வத்தல் காயப்போடுகிற வேலை வந்துவிட்டது. மாயக்காளும் அங்கேதான் நின்றாள், உங்கள் அத்தையும் அங்கேதான் நின்றாள்.

"அடுத்த விசயம். மொக்கைச்சாமி தங்கச்சி பேர நோட்டுல ஏத்தணுமாம். சொல்லுப்பா மொக்கைச்சாமி" என்றார் நாட்டாமை.

நான் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "நாட்டாமை, வானத்துல பாத்தீகன்னா..." என்றேன்.

"ஏப்பா, தங்கச்சி வெவகாரம் பேச வந்துட்டு வானத்துக்கு எதுக்குப் போற?"

"சுத்தித்தான் நாட்டாமை வரணும். நேரா வந்தா நீங்க முடியாதுன்னுருவீக."

சிரித்துவிட்டுப் பேச விட்டார்கள். சொன்னேன். முன்னொரு காலத்தில் சூரியன், சந்திரன், அதோடு கண்ணுக்குத் தெரிகிற அஞ்சு பேர், ஆக ஏழு என்று எண்ணினார்கள். பிறகு பார்த்தால் நாம் நிற்கிற பூமியே சூரியனைச் சுற்றுகிறது. உடனே சூரியனை எண்ணிக்கையிலிருந்து எடுத்தார்கள், நம்மைச் சுற்றுகிற சந்திரனையும் எடுத்தார்கள், பூமியைச் சேர்த்தார்கள். டீக்கடை பால்பாண்டி எழுந்துவிட்டான். அவன் கடையில் ரேடியோ இருப்பதால் உலக விசயம் தன்னைக் கேட்காமல் நடக்கக் கூடாது என்று நினைப்பவன்.

"சூரியனையே நீக்கிட்டாகளா? என்னண்ணே அநியாயமா இருக்கு!"

"நீக்கலப்பா. அவரு நடுவுல உக்காந்துட்டாரு. மத்தவுக அவரச் சுத்துறாக. நாட்டாமை மாதிரின்னு வச்சுக்கயேன். நாட்டாமையப் போயித் தலைக்கட்டுல எண்ணுவாகளா?"

"என்னையும் எண்ணித்தான்யா இருக்கு. நானும் ஒரு படி போடுறேன்" என்றார் அழகுமலை.

"சரி, சனி இருக்காரா இல்லையா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றான் பால்பாண்டி.

"சனிக்கு ஒரு கொறையும் இல்ல. வளையம் போட்டுக்கிட்டு ராசா மாதிரி இருக்காரு."

"அப்பாடா. குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு வர்ற பஸ்செல்லாம் நின்னு போயிருமோன்னு பாத்தேன். நின்னு போனா என் டீய யாரு குடிக்கிறது?"

அடுத்து, பிந்தி வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டதைச் சொன்னேன். யுரேனசை ஒரு வாத்தியக்காரர் கண்டுபிடித்தது, நெப்டியூனைக் கணக்குப் போட்டு 'இந்த இடத்தில் பார்' என்று சொல்லி, பார்த்தால் அங்கனயே இருந்தது, எல்லாம் சொன்னேன். நாட்டாமை தலையாட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் வத்தல் கிண்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. அத்தோடு நான் உட்கார்ந்திருக்க வேண்டும் மாப்பிள்ளை. உட்கார்ந்திருந்தால் அப்போதே ஜெயித்திருப்பேன். ஆனால் கதை என்று ஒன்று கிளம்பிவிட்டால் என்னால் பாதி வழியில் இறங்க முடிவதில்லை. உங்கள் கல்யாணப் பேச்சு நடக்கும்போதுகூட உங்கள் அப்பாவிடம் மாட்டுத் தரகைப் பற்றி ஆரம்பித்து, வெற்றிலை மாற்ற மத்தியானம் ஆகிவிட்டதே, ஞாபகம் இருக்கிறதா? அந்த மாதிரி இங்கேயும், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் கிடக்கிற சின்னச் சின்ன ஆட்களின் கதையையும் சொல்லிவிட்டேன். நூற்றைம்பது வருசத்துக்கு மேல் இருக்கும், அங்கே சின்னதாக ஒன்றைப் பார்த்தார்கள், கிரகம் என்று சேர்த்தார்கள். மறு வருசம் இன்னொன்று, சேர்த்தார்கள். பிறகு மூன்று, நாலு. பள்ளிக்கூடப் புத்தகத்திலெல்லாம் பதினொரு கிரகம் என்று எழுதிவைத்தார்கள். அப்புறம் பத்தும் இருபதுமாக வர ஆரம்பித்ததும், 'இதெல்லாம் ஒரே தெருவில் கிடக்கிற பொடிசுகள்' என்று மொத்தத்தையும் எடுத்துவிட்டு, தனியாக வேறு பேர் வைத்துவிட்டார்கள்.

நாட்டாமை துள்ளி எழுந்தார். அவர் அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை.

"பாத்தியா! பாத்தியா! இதத்தானய்யா நானும் பயப்படுறேன். ஒண்ணு ரெண்டுன்னு சேத்தாக. கூட்டம் வந்ததும் அம்புட்டுப் பேரையும் வெளிய அனுப்பிட்டாக. இன்னைக்கு மாயக்கா வரும். நாளைக்கு மாமியாளோட சண்ட போட்டுத் தனி அடுப்பு வச்சவளெல்லாம் வருவா. பெறகு நான் யாரச் சேக்க, யார நீக்க?"

என் நியாயம் என்னையே திரும்பிக் கடித்துவிட்டது. அப்போது சுவருக்கு மேலே மாயக்காள் தலை தெரிந்தது. கல்லின்மேல் ஏறி நின்றிருப்பாள்.

"வரட்டுமே நாட்டாமை. ஆளுக்கு ஒரு படி அரிசி கூடத்தான வரும்? அண்ணே, நீ கொஞ்சம் வானத்த விட்டு எறங்கு. நாட்டாமை, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். தனிக்குடும்பம்னு எண்ணுறதுக்கு என்னென்ன இருக்கணும்? அதச் சொல்லுங்க. நான் அதுல நிக்கேனா இல்லியான்னு பாருங்க. நிக்கலைன்னா நான் பாட்டுக்கு வத்தல அள்ளிக்கிட்டுப் போயிருறேன். கணக்கே சொல்லாம இல்லைன்னா எப்படி?"

அழகுமலை யோசித்தார். கணக்கு என்று கேட்டால் அவருக்குப் பிடிக்கும், பின்னால் பதில் சொல்ல வசதியாக இருக்குமே. "சரி, கணக்கு வைப்போம்" என்றார். "மொதல்ல, இன்னொருத்தரச் சுத்தி வாழக் கூடாது. சொந்தக் கஞ்சி குடிக்கணும். ஆத்தா மாயக்கா, நீ ஒங்கண்ணன் கையப் பாத்துத்தான இருக்க?"

மாயக்காள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். எனக்கு வேறு வழியில்லை மாப்பிள்ளை.

"நாட்டாமை, நான்தான் அவ வீட்டுல சாப்புடுறேன். வாரத்துக்கு நாலு நாளு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, புளூட்டோவுக்குத் துணையாக ஒரு நிலா இருக்கிறது, ரெண்டு வருசத்துக்கு முன்னால்தான் படத்தில் கொப்புளம் மாதிரி தெரிந்து கண்டுபிடித்தார்கள், எது எதைச் சுற்றுகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே சுற்றுகின்றன, நானும் என் தங்கச்சியும் அப்படி என்றேன். சிரிப்பு நின்றது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் அத்தை காதிலும் இது விழுந்துவிட்டது. நேற்றிலிருந்து அவள் உலை வைக்கவில்லை. ஆகவே இப்போது வாரத்துக்கு ஏழு நாளும் மாயக்காள் வீட்டில்தான்.

"ரெண்டாவது, ஆளு தன் பலத்துல நிக்கணும்" என்றார் நாட்டாமை. நீங்கள் சொன்னதை நான் எடுத்துவிட்டேன், போதுமான கனம் இருந்தால் தன் கனமே தன்னை இறுக்கி உருண்டையாக்கிவிடும், கனம் இல்லாதது கல்லு மாதிரி கோணமாணலாகக் கிடக்கும் என்று.

பால்பாண்டி சுவரைப் பார்த்து, "கனத்துக்கும் உருண்டைக்கும் மாயக்காவுக்கு என்னா கொறச்சல்?" என்றான்.

"ஏலே பால்பாண்டி, ஒன் டீயக் குடிச்சு வந்த கனம் இல்லடா. அதுல பூராம் தண்ணி" என்றாள் அவள்.

"மூணாவது" என்று நாட்டாமை கையைத் தூக்கினார். "இதான் முக்கியம். தன் வாசலத் தானே கூட்டித் தெளிக்கணும். ஒரே வாசல்ல நாலு அடுப்பு எரிஞ்சாலும் அது ஒரு குடும்பந்தான். வாசல் தனியாப் பிரிஞ்சாத்தான் குடும்பம் பிரிஞ்சதாக் கணக்கு." இது எங்கள் ஊரில் எல்லோரும் ஒத்துக்கொண்ட வழக்கம். அண்ணன் தம்பி சொத்துப் பிரித்தாலும், மறுநாள் காலையில் இரண்டு விளக்குமாறு சத்தம் கேட்டால்தான் ஊர் நம்பும். மாயக்காள் வீடு சந்துக்குள் தெருவாசல் இல்லாமல் இருப்பதால் இந்த இடத்தில் அவள் நிற்கமாட்டாள் என்று அழகுமலை நினைத்திருக்கவேண்டும். ஆனால் அவர் சொல்லி முடித்ததும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஏனென்றால் விடிந்தால் சந்து முக்கிலிருந்து பஞ்சாயத்துக் குழாய் வரைக்கும் மொத்தத் தெருவையும் கூட்டுகிறவள் மாயக்காள்தான். நாட்டாமை வீட்டு வாசலும் அதில் அடக்கம். அவர் மருமகள் எழுந்திருக்க நேரமாகும்.

நாட்டாமையும் தரையைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

"சரிதான்" என்றார் மெதுவாக. "ஆனா புதுச் சட்டம் போடுறோம். நம்ம ஆளுக மேல போடுறதுக்கு முந்தி வெளியாளுக மேல போட்டுப் பாக்கணும். பெறகு ஒருத்தரும் நொட்டம் சொல்லக் கூடாது. மொக்கைச்சாமி, அந்த வானத்து ஆளுகள ஒவ்வொண்ணாக் கூப்புடு."

கூப்பிட்டேன். புதன் நின்றது. வெள்ளி நின்றது. பூமி நின்றது, நாம் எல்லோரும் அதன்மேல் உட்கார்ந்திருந்ததால் அதிகம் விசாரிக்கவில்லை. செவ்வாய் நின்றது. வியாழனைப் பத்துப் பதினாலு பேர் சுற்றுகிறார்கள் என்றதும் நாட்டாமை, "அது கூட்டுக்குடும்பம், ஒரு தலைக்கட்டுத்தான்" என்று தீர்த்துவிட்டார். சனி, யுரேனஸ், நெப்டியூன், எல்லாம் தேறியது. கடைசியாகப் புளூட்டோ.

"சூரியனச் சுத்துதா?"

"சுத்துது நாட்டாமை. ஒரு சுத்துக்கு எரநூத்தி நாப்பத்தெட்டு வருசம்."

"மெதுவாப் போனாலும் போறான்ல, சரி. உருண்டையா?"

"நம்ம நெலாவ விடச் சின்னது. ஆனா உருண்டையாத்தான் இருக்கும்ங்கறாக."

"வாசல்?"

நான் இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டினேன்.

"வாசல்னு கேட்டேன்ப்பா. அவன் போற வழி அவனுக்குத் தனியா இருக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். உங்கள் பேரைச் சொல்லித் தொடங்கிய பேச்சு, பொய் வரவில்லை. "நெப்டியூன் போற வழிக்கு உள்பக்கமாப் பூந்து ஓடுது நாட்டாமை. போன வருசந்தான் உள்ள வந்துச்சாம். வெளிய போக இருவது வருசம் ஆகுமாம்."

"அடுத்தவன் வாசல்ல இருவது வருசமா? தள்ளி வையி!"

அவ்வளவுதான். உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. அதற்குத் துணை இருக்கிறது என்று சேதி வந்தபோது, அதிகாரிகள் அதைப் பார்ப்பதற்காக மூன்று ராத்திரி கூரையைத் திருப்பித் திருப்பிக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். "ஒரு புள்ளிதான் மாமா, ஆனா அதப் பாத்ததும் என்னவோ நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் அசலூர் பஸ் ஸ்டாண்டுல தனியா நிக்கிற மாதிரி இருந்துச்சு" என்றீர்கள். நான் அந்த இடத்தில் எழுந்து 'மூன்றாம் சட்டம் சரியில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புளூட்டோ தப்பித்திருக்கும். ஆனால் அந்தச் சட்டம் போனால் என் தங்கச்சி எதில் நிற்பாள்? புளூட்டோவா, மாயக்காளா என்று வந்தபோது நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன்:

'மாயக்காள், முழுத் தலைக்கட்டு ஒன்று, மூன்று சட்டத்திலும் தேறியதால் சேர்க்கப்பட்டது. புளூட்டோ, மூன்றாம் சட்டத்தில் தேறாததால் தள்ளிவைக்கப்பட்டது. வந்தால் சாமி கும்பிட்டுக்கொள்ளலாம், பானை வைக்க முடியாது.'

ஆகவே இதை உங்கள் பெரிய அதிகாரிகளிடம் நேரம் பார்த்து, சாப்பிட்ட பிறகாகப் பார்த்து, பதமாகச் சொல்லவும். இந்தப் பங்குனி முதல் கிரகம் எட்டு என்று அவர்கள் புத்தகத்திலும் திருத்திக்கொண்டால் ஊருக்கு மரியாதையாக இருக்கும் என்று நாட்டாமை சொல்லச் சொன்னார். எழுதிவைத்த சட்டம் அவர்களிடம் இல்லாவிட்டால் எங்களுடையதை எடுத்துக்கொள்ளலாம், அதற்கு ஒன்றும் தரவேண்டாம்.

பொங்கல் அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, பங்குனி 12. முடிந்தால் சந்தனத்தையும் கூட்டிக்கொண்டு வரவும். உங்கள் வேலையும் வீடும் பெருகி, நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், எந்தப் பக்கம் திரும்பினாலும் நல்லதே தெரியும்படி குலசாமி துணையிருக்க வேண்டும். உங்கள் அத்தை என்னோடுதான் பேசவில்லை, உங்களை விசாரித்து எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு, தலை குனிந்து எழுதும் மாமனார்,
மொக்கைச்சாமி

பின்குறிப்பு: மாப்பிள்ளை, அதிகாரிகளிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். மேலே எழுதியது எல்லாம் போய்விட்டது. கடிதத்தை ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை வாங்க மாயக்காள் வீட்டுக்குப் போனேன், நம் வீட்டில்தான் உலை இல்லையே. அவள் அரிசி அளந்துகொண்டு நாட்டாமை வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நானும் கூடப் போனேன். அரிசியைக் கொட்டினாள். கொட்டியது இரண்டு படி.

"ஒரு படிதான ஆத்தா?" என்றார் நாட்டாமை.

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு அந்தப் பயலுக்கு."

"எந்தப் பயலுக்கு?"

"அதான், நேத்து தள்ளி வச்சீகளே. கடைசில கெடக்கானே, அவனுக்கு."

"அது சட்டப்படி முடிஞ்சு போச்சுல்ல ஆத்தா. அடுத்தவன் வாசலுக்குள்ள போயிட்டான்ல?"

"போனா என்னா? அண்ணே, அது அங்கன போயி இடிச்சுச்சா? சண்ட கிண்ட போட்டுச்சா?"

"இல்ல ஆத்தா. ரெண்டும் கிட்டத்துலயே வராதாம். அதது அததுபாட்டுக்குப் போகுமாம்" என்றேன். இதுவும் நீங்கள் சொன்னதுதான். கூட்டத்தில் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

"பெறகு என்னா நாட்டாமை? நான் ராத்திரி பூராம் நெனச்சுப் பாத்தேன். இருவத்திரெண்டு வருசம் நானும் எங்கண்ணன் வாசல்லதான் பொங்குனேன். அதுக்காக நான் இல்லைன்னு ஆயிருமா? என் பேரு ஏறுறதுக்கு அவன் பேரு எறங்கணும்னா எனக்கு வேணாம். ரெண்டையும் அடிச்சுருங்க."

அழகுமலை நோட்டைத் திறந்தார், மூடினார், திறந்தார். "பானை யாரு வைப்பா அவனுக்கு?" என்றார்.

"என் பானைலயே வேகட்டும். பேர மட்டும் தனியா வாசிங்க."

நாட்டாமை அந்த இரண்டாவது படி அரிசியில் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுப் போட்டார். பிறகு நோட்டில் எழுதினார், ஐம்பத்து நாலு மாயக்காள், ஐம்பத்தஞ்சு புளூட்டோ. எழுதிவிட்டு அவருக்கு ஒரு சந்தேகம். பேர் வாசிக்கும்போது அந்த வீட்டு ஆள் ஒருத்தர் கூட்டத்திலிருந்து 'இருக்கோம்' என்று குரல் கொடுக்கவேண்டும், அது இல்லாமல் அடுத்த பேருக்குப் போக முடியாது. இதற்கு யார் குரல் கொடுப்பது என்றார். மூன்று பேரும் யோசித்தோம். மூன்று பேருக்கும் உங்கள் ஞாபகம்தான் வந்தது. அதனால் மேலே 'முடிந்தால்' என்று எழுதியதை அடித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குள் கட்டாயம் வந்துவிடவும். மாயக்காளுக்கு அடுத்து உங்கள் முறை. உரக்கச் சொல்லவேண்டும், அவ்வளவு தூரத்துக்குக் கேட்கணும்.